ஊட்டி குதிரை ரேஸ், 1900-1912 வாக்குல: ஒரு ரேஸ் மீட்டிங் நடத்த என்னென்ன வேலை பார்த்திருப்பாங்க?

மலைரயில்_பித்தன்
வணக்கம் மக்களே. 2024ல ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு திரும்ப எடுத்ததுல இருந்து பேச்சு முழுக்க குத்தகை பாக்கி, பூங்கா வருமா வராதா, இதுலயே சுத்துது. எனக்கு வேற ஒரு விஷயம் தெரியணும். அங்க 1886ல இருந்து ரேஸ் நடக்குது, ஆனா மலை ரயில் ஊட்டிக்கு வந்தது 1908லதான், குன்னூர் வரைக்குமே 1899லதான் வந்துச்சு. அப்போ லாரி கிடையாது, கரன்ட் கிடையாது, 2,240 மீட்டர் உயரம், சுத்தி காடு. இந்த நிலைமையில வருஷா வருஷம் சீசன்ல குதிரைங்களை ஏத்தி, தரையை ரெடி பண்ணி, காசு திரட்டி, ஒரு ரேஸ் மீட்டிங்கை, அதாவது சில நாள் நடக்குற ரேஸ் விழாவை, எப்படி நடத்தினாங்க? கவர்னர் வந்தாரு, மகாராஜா வந்தாரு, தொப்பி போட்ட சீமாட்டிங்க வந்தாங்கன்னு எல்லாரும் எழுதிட்டாங்க, வேலை பார்த்த கதையைத்தான் யாரும் எழுதல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிண்டி_ரயிலோரம்
நல்ல கேள்வி தம்பி. நான் ரொம்ப வருஷமா ரேஸ் பாக்குறவன், பழைய ரேஸ் காலண்டர், ரூல் புக் எல்லாம் விரும்பிப் படிப்பேன், அதனால காகித வேலையை நான் சொல்றேன்.

ரேஸுக்கு பல மாசம் முன்னாடியே பிராஸ்பெக்டஸ் அச்சடிக்கணும். எத்தனை நாள் ரேஸ், ஒவ்வொரு நாளும் என்னென்ன ரேஸ், எத்தனை ஃபர்லாங் (ஒரு ஃபர்லாங்னா மைல்ல எட்டுல ஒரு பங்கு), எந்த வகை குதிரை ஓடலாம், பரிசு எவ்வளவு, என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு, என்ட்ரி முடியுற தேதி, எல்லாம் அதுல இருக்கும். அது பேப்பர்லயும் வரும், குதிரை வச்சிருக்குற ராஜாக்கள், ராணுவ ஆபீசருங்க, தோட்டத் துரைங்க கைக்கும் தபால்ல போகும். அவங்க குதிரை பேரையும் ஃபீஸையும் தேதிக்குள்ள அனுப்பணும், கடைசி நேரம்னா தந்திதான்.

அப்புறம் ஹேண்டிகேப்பர் உக்காந்து எந்தக் குதிரைக்கு எவ்வளவு வெயிட்னு போடுவார். நல்லா ஓடுற குதிரைக்கு கூட, சுமாருக்கு கம்மி. அப்போ கணக்கு ஸ்டோன்ல, ஒரு ஸ்டோன்னா 14 பவுண்டு, நம்ம கணக்குல 6 கிலோவுக்கு மேல. இந்த வெயிட் லிஸ்ட் வெளிய வந்ததும் ஓனர் பாத்து, சரி ஓடுறேன்னு ஒத்துக்கணும், இல்லன்னா பேரை எடுத்துக்கணும், எடுத்தாலும் கட்டுன காசுல ஒரு பகுதி போயிரும். அந்தப் போன காசும் பரிசுத் தொகையிலதான் சேரும்.

இங்க ஒரு பெரிய தலைவலி இருக்கு. இந்தியாவுல அப்போ ஓடுனது ஒரே ஜாதி குதிரை கிடையாது. ஆஸ்திரேலியாவுல இருந்து கப்பல்ல மெட்ராஸ் வந்து இறங்குற வேலர் குதிரைங்க, பாரசீக வளைகுடாவுல இருந்து பம்பாய் வழியா வர்ற அரபிக் குதிரைங்க, இங்கயே பிறந்த நாட்டுக் குதிரைங்க, அது போக போனிங்க, அதாவது குட்டைக் குதிரைங்க. அரபியையும் வேலரையும் சமமா ஓட விட்டா அரபி பாவம். அதனால வகைக்கு தனித்தனி ரேஸ், போனிக்கு உயரத்தை அளந்து அதுக்கேத்த வெயிட். கால் இஞ்சுல சண்டை வரும்! அதனால அளக்குறதுக்குன்னே ஒரு அதிகாரி இருப்பார். ஊட்டி மாதிரி சின்ன இடத்துல வர்ற குதிரையே கம்மி, அதை இத்தனை வகையா பிரிச்சா ஒரு ரேஸுக்கு மூணு குதிரை கூட தேறாது. எந்த வகையை எதோட சேத்து ஓட விடுறதுங்கறதுதான் செக்ரட்டரியோட திறமை. என் கணக்குல மொத்த மீட்டிங்கும் அந்த ஆனரரி செக்ரட்டரி (சம்பளம் வாங்காத செயலாளர்) ஒருத்தர் தலையிலதான் நிக்குது.

குன்னூர்_மேகம்
மேல சொன்னதெல்லாம் சரிங்க, ஆனா குதிரை மேல வந்தாத்தானே ரேஸு.

நான் இந்த மலைக்காரன், வழியைச் சொல்றேன் கேளுங்க. மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில் 1873லயே வந்திருச்சு. மெட்ராஸ்ல குதிரைய ரயில் பெட்டியில ஏத்துனா மேட்டுப்பாளையத்துல எறக்கிரலாம். அங்கிருந்து ஊட்டி ரோட்டு வழியா ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஏறுறது 1,900 மீட்டர். ரேஸ் குதிரைய அதுல ஓட்டிட்டு வர முடியாது, கையில புடிச்சு நடத்தித்தான் கூட்டிட்டு வரணும். ஒரே நாள்ல ஏத்துனா கால் போயிரும், அதனால நடுவுல தங்கணும், தங்குற எடத்துல லாயம் வேணும், தண்ணி வேணும், ராத்திரி காவல் வேணும், இது சிறுத்தை நடமாடுற காடுங்க. மலை ரோட்டுல கீழ இருக்குற பர்லியார் பக்கம் புழுக்கம், குன்னூர் வந்தா குளிரு, வேர்த்த ஒடம்போட நிக்க விட்டா குதிரைக்கு சளி புடிச்சிரும், உடனே தேய்ச்சு விட்டு கம்பளி போடணும். மைசூர்ல இருந்து வர்றதுன்னா குண்டல்பேட்டை, கூடலூர் வழி, அது இன்னும் தூரம், முழுக்க காடு.

1908ல ரயில் வந்ததும் எல்லாம் சுலபமாயிருச்சுன்னு நெனைக்காதீங்க. மெட்ராஸ்ல இருந்து வர்றது பிராட் கேஜ், நம்ம மலை ரயில் மீட்டர் கேஜ், தண்டவாள அகலமே வேற. மேட்டுப்பாளையத்துல எறக்கித்தான் ஆகணும்.

லாடத்தையும் யோசிங்க. ரோட்டுல மலை ஏற கனமான இரும்பு லாடம் வேணும், ரேஸ் அன்னிக்கு லேசான லாடம் வேணும். அப்போ கூடவே லாடம் அடிக்கிறவரும் வரணும், இல்ல ஊட்டியில ஒருத்தர் தயாரா இருக்கணும். ஒரு ஆணி கோணலா எறங்குனா போதும், மூணு மாச பயிற்சியும் பாழு.

சும்மா_படிக்கிறவன்
ஒரு டவுட் அண்ணே. இவ்வளவு கஷ்டப்பட்டு மலை மேல ஏன் கொண்டு வரணும்? கிண்டியிலயே 1777ல இருந்து ரேஸ் இருக்கே, பேசாம அங்கயே ஓட விட்டிருக்கலாமே? சின்ன ஊர் ரேஸ்ல பரிசும் பெருசா இருந்திருக்காதே.

கிண்டி_ரயிலோரம்
ஏப்ரல் மே மாசத்துல கிண்டியில குதிரைய ஓட்டிப் பாருங்க, புரியும். கீழ ரேஸ் குளிர்காலத்துல. வெயில் காலத்துல குதிரைய சும்மா லாயத்துல கட்டி வச்சு தீனி போட்டா ஓனருக்கு நஷ்டம், குதிரையும் வாடிப் போகும். மேல கொண்டு போனா குதிரை நல்லா தேறும், ஓடி நாலு காசும் கொண்டு வரும். 2024 வரைக்கும் அதே கணக்குலதான் ஊட்டி சீசன் ஏப்ரல் மத்தியில ஆரம்பிச்சுது.

ரெண்டாவது, மெட்ராஸ் அரசாங்கமே வெயிலுக்கு ஊட்டிக்கு ஏறிரும். ஆம்ப்தில், லாலி மாதிரி கவர்னருங்க, செக்ரட்டேரியட் ஆளுங்க, பக்கத்துல வெலிங்டன் பட்டாள ஆபீசருங்க, மைசூர் மகாராஜாவுக்கு ஃபெர்ன்ஹில்ல அரண்மனை. குதிரை வாங்கக்கூடிய ஆள் அத்தனை பேரும் ஒரே ஊர்ல. அதனால ரேஸ்ங்கறது பாதி சந்தை. செல்லிங் ரேஸ்னு ஒண்ணு உண்டு, ஜெயிச்ச குதிரைய ரேஸ் முடிஞ்ச கையோட அங்கயே ஏலம் விடணும், குறிச்ச விலைக்கு மேல போற காசு ரேஸ் ஃபண்டுக்கு. இதனால பெரிய குதிரைய சின்ன ரேஸ்ல இறக்கி ஏமாத்த யாரும் துணிய மாட்டாங்க, ஏன்னா குதிரையே கைய விட்டுப் போயிரும். அருமையான ஏற்பாடு.

மூணாவது லாட்டரி. இப்போ இருக்குற லாட்டரி மாதிரி இல்ல. ரேஸுக்கு முந்தின ராத்திரி கிளப்புல எல்லாரும் கூடுவாங்க, சீட்டு விப்பாங்க, குலுக்கல்ல ஒவ்வொரு குதிரையும் ஒரு சீட்டுக்காரருக்கு விழும், அப்புறம் அந்தக் குதிரைங்களை ஒவ்வொண்ணா ஏலம் விடுவாங்க. ஓனரே தன் குதிரை மேல நம்பிக்கை இருந்தா ஏலத்துல எடுப்பார். மொத்த பணத்துல ரேஸ் ஃபண்டுக்கு ஒரு சதவீதம் எடுத்துட்டு மீதி ஜெயிச்ச குதிரைய எடுத்தவருக்கு. ஏலத்துல எந்தக் குதிரை விலை ஏறுதுன்னு பாத்தாலே மறுநாள் எது ஃபேவரைட்னு ஊருக்கே தெரிஞ்சிரும். சின்ன மீட்டிங்குக்கு இந்த சதவீதம் பெரிய ஊன்றுகோல். என்ட்ரி ஃபீஸ், சந்தா, டிக்கெட் காசு, ராஜாக்கள் குடுக்குற கப், இதோட லாட்டரி பங்கும் சேந்தாத்தான் பரிசே குடுக்க முடியும்.

தாமரை_கோவை
எல்லாரும் ரொம்ப ரசிச்சு எழுதுறீங்க, எனக்கு படிக்க படிக்க வயிறு எரியுது. எங்க தாத்தா ரேஸ்ல வீட்டையே விட்டவர். பாட்டி நகையெல்லாம் அடகுக்குப் போச்சு, மீளவே இல்ல. அந்த வீட்டு வாசல் வழியா இப்பவும் பஸ்ல போறப்போ அம்மா தலையைத் திருப்பிக்குவாங்க. 1974ல தமிழ்நாட்டுல தடைச் சட்டம் போட்டாங்களே, அது சும்மாவா போட்டாங்க? ஏலமாம், சதவீதமாம், அருமையான ஏற்பாடாம். பெரிய மனுசங்க கிளப்புல ஆடுனா விளையாட்டு, ஏழை ஆடுனா சூதாட்டம், அதுதானே அப்பவும் நடந்துச்சு?

கிண்டி_ரயிலோரம்
அம்மா, நீங்க சொல்றதுல எதையும் மறுக்க மாட்டேன், அப்படி அழிஞ்ச குடும்பங்களை நானும் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். 1996ல சுப்ரீம் கோர்ட், குதிரை ரேஸ் அதிர்ஷ்டம் இல்ல, திறமை சார்ந்ததுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. சட்டப்படி சரி. ஆனா குதிரைக்கும் ஜாக்கிக்கும் திறமை இருக்கலாம், தெருவுல இருந்து சம்பளக் கவரோட வர்றவனுக்கு என்ன திறமை இருக்கு? அந்த வேதனை நியாயமானது.

ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். கிளப் லாட்டரியில ஆடுனது பெரும்பாலும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச நூறு பேர். சாதாரண ஜனம் பெருசா உள்ள வந்தது டோட், புக்கி (பந்தயக் காசு வாங்குற ஆள்) வழியாத்தான். டோட்னா எல்லார் காசையும் ஒரே குவியலா சேத்து, கிளப் பங்கை எடுத்துட்டு, மீதிய ஜெயிச்ச சீட்டுக்குப் பிரிக்கிறது. உதாரணத்துக்கு 1,000 ரூபாய் சேந்து, 100 கிளப் எடுத்து, ஜெயிச்ச குதிரை மேல 45 சீட்டு இருந்தா சீட்டுக்கு 20 ரூபாய். கணக்கு எளிசு, ஆனா ரேஸ் கிளம்புறதுக்குள்ள ஆயிரக்கணக்கான சீட்டை கையால எண்ணி முடிக்கணும். இதைத் தானா கூட்டுற முதல் மெஷின் 1913ல நியூசிலாந்துல, எல்லர்ஸ்லி ரேஸ் கோர்ஸ்லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லா ஊர்லயும் குமாஸ்தா, பென்சில், பலகைதான்.

நுவரெலியா_பெடியன்
வணக்கம் அண்ணைமார். எங்கட நுவரெலியாவிலயும் இதே கதைதான், அதால எழுதோணும் போல இருந்தது. அங்க ரேஸ் கோர்ஸ் 1875ல வந்தது, ஏப்ரல் சீசன்லதான் ஓட்டம், கவர்னர்ஸ் கப் எண்டு பெரிய ரேஸ். கொழும்புக் குதிரையள் ரயில்ல வந்து நானுஓயாவில இறங்கும், அந்தப் பாதை 1885ல வந்தது. அங்கயிருந்து டவுனுக்கு கிட்டத்தட்ட ஏழு எட்டு கிலோமீட்டர்தான், மேட்டுப்பாளையம் மாதிரி மலை முழுக்க நடக்கத் தேவையில்லை. ஆனா ஆக்கள் விசயத்தில உங்களை விட வசதி, சுத்திவர தேயிலைத் தோட்டத் துரைமார், ஒவ்வொருத்தரிட்டயும் சவாரிக் குதிரை இருக்கும், ரேஸுக்கு ஓட்டுறதும் அவையளே. ஊட்டியிலயும் துரைமார் தாங்களே ஜாக்கியா ஓடினவையோ?

குன்னூர்_மேகம்
ஓடுனாங்க தம்பி. ஜென்டில்மேன் ரைடர்னு அதுக்குத் தனிப் பேரே உண்டு. இங்க ஊட்டி ஹன்ட்னு வேட்டை நாய் வச்சுகிட்டு புல்வெளியில நரி வெரட்டுற கூட்டம் 1840கள்ல இருந்தே இருந்துச்சு, அந்தக் குதிரையும் அந்த ஆளுங்களும் ரேஸுக்கும் வருவாங்க. தொழில் ஜாக்கியோட சமமா மோத முடியாதுங்கறதால சில ரேஸ்ல இவங்களுக்கு வெயிட்ல சலுகை உண்டு, சில ரேஸு இவங்களுக்கு மட்டுமே.

தரையப் பத்தி யாரும் பேசல. ரேஸ் கோர்ஸ் இருக்குற எடத்தைப் பாருங்க, பஸ் ஸ்டாண்டு, ரயில் ஸ்டேஷன், ஏரி எல்லாம் ஒட்டிக்கிட்டு கிடக்கு. சல்லிவன் 1820கள்ல வெட்டுன ஏரி அப்போ இன்னும் விரிஞ்சு கிடந்துச்சு, அதை ஒதுக்கித்தான் இந்தப் பள்ளமே கிடைச்சது. மலையில ஒன்றரை மைல் சுத்து ஓட விட சமதரை வேற எங்க இருக்கு? ஆனா பள்ளம்னா தண்ணி நிக்கும். மே மாசக் கோடை மழை ஒண்ணு அடிச்சா சேறு. வாய்க்கால் வெட்டணும், புல்லை மிதிச்சு சமப்படுத்தணும், குளம்பு பட்டு பெயர்ந்த ஒவ்வொரு புல் கட்டியவும் ரேஸ் முடிஞ்சதும் கையால தட்டி வைக்கணும். ஜூன் பொறந்தா தென்மேற்குப் பருவமழை, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சாகணும். செக்ரட்டரி எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் வானத்துக்கு பிராஸ்பெக்டஸ் அனுப்ப முடியாதுங்க.

லாயக்காரர்_பேத்தி
ரொம்ப நேரமா படிச்சிட்டு இருக்கேன், இதுக்கு மேல சும்மா இருக்க முடியல.

கிண்டி சார், மொத்த மீட்டிங்கும் செக்ரட்டரி தலையில நிக்குதுன்னு எழுதினீங்க. ஒத்துக்கவே மாட்டேன். குதிரைய 50 கிலோமீட்டர் கையில புடிச்சு நடத்திட்டு வந்தது யாரு? குதிரைக்காரர். மெட்ராஸ் மாகாணத்துல ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரர், கூட ஒரு புல்லறுக்கிறவங்கன்னு வைக்கிறது அப்போ வழக்கம், அந்தப் புல்லறுக்கிறவங்க பல நேரம் குதிரைக்காரரோட சம்சாரம். துரை ரயில்லயோ குதிரை வண்டியிலயோ ஏறி கிளப்புக்கு வந்திருவார். இவங்க ரெண்டு பேரும் பாத்திரம் பண்டம், குழந்தை எல்லாத்தோடவும் குதிரை பின்னாடி நடந்து ஏறணும், ஏறுன கையோட அவ புல்லுக்குப் போகணும். எங்க வீட்டுல மூணு தலைமுறையா இதுதான் தொழில், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கொள்ளு வேகவைக்கிறது எப்படின்னு உங்கள்ல எத்தனை பேர் பாத்திருக்கீங்க? முதல்ல புடைக்கணும். ஒரு சின்னக் கல்லு கிடந்தாலும் குதிரை பல்லு போயிரும், பல்லு போனா தின்னாது, தின்னலன்னா ஓடாது. அப்புறம் பெரிய பானையில தண்ணி விட்டு, விரல்ல நசுக்குனா மசியுற பதம் வர்ற வரைக்கும் வேகணும். ஊட்டி குளிர்ல, அந்த உயரத்துல, தண்ணி சீக்கிரம் கொதிச்ச மாதிரி இருக்கும், உள்ள பருப்பு வெந்திருக்காது. கீழ வேகுறதை விட கூட நேரம், கூட விறகு. அரைவேக்காட்டுல போட்டா வயித்து வலி வந்து குதிரை படுத்து உருளும், அப்படியே செத்தும் போகும். அப்போ யார் மேல பழி விழும்? வெந்ததை பரப்பி ஆறவச்சு, சூடு போனதை கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் வைப்பாங்க. விடியக்காலை ஓட்டத்துக்கு முன்னாடி இத்தனையும் முடியணும்னா எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ரேஸ் முடிஞ்சா பேப்பர்ல குதிரை பேரு, ஓனர் பேரு, ஜாக்கி பேரு, வெயிட், எவ்வளவு தூரத்துல ஜெயிச்சது எல்லாம் வரும். இவங்க பேரு ஒரு எடத்துலயும் வராது. இதைச் சொல்றப்போ எனக்கு கோபம் வருது, வரத்தான் செய்யும்.

கிண்டி_ரயிலோரம்
மா, நீங்க எழுதுன கொள்ளு விஷயம் நான் படிச்ச எந்த ரேஸ் புஸ்தகத்துலயும் இல்ல. செக்ரட்டரி வேலைய நான் குறைச்சு சொல்லப் போறதில்ல, ரெண்டும் இல்லாம ரேஸ் இல்ல, ஆனா ஒண்ணு அச்சாகியிருக்கு, இன்னொண்ணு அச்சாகல.

மீட்டிங்கை எப்படி நடத்தினாங்கன்னு தம்பி கேட்டதால ரேஸ் நாளையும் சுருக்கமா சொல்லி முடிச்சிர்றேன். ஜாக்கி சேணத்தோட தராசுல ஏறணும், குறைஞ்சா சேணத்துக்கு அடியில ஈயத்தகடு வைப்பாங்க. கிளம்புறது அந்தக் காலத்துல கொடி வீசித்தான், ஸ்டார்ட்டர் கொடிய இறக்குறப்போ எல்லாக் குதிரையும் வரிசையில இருக்கணும், இருக்காது, திரும்பத் திரும்பக் கூப்பிட்டு நிறுத்தணும். 1890கள்ல ஆஸ்திரேலியாவுல கயிறு மேல எழும்புற தடுப்பு கண்டுபிடிச்சாங்க, அது மெல்ல மத்த ஊருக்குப் பரவுச்சு. ரேஸ் முடிஞ்சதும் ஜாக்கி குதிரை மேலயே தராசு இருக்குற எடத்துக்கு வந்து அங்கதான் இறங்கணும், நடுவுல யாரையும் தொடக்கூடாது, எதையும் வாங்கக்கூடாது. வெயிட் குறைஞ்சா ஜெயிச்ச குதிரையும் தகுதி இழக்கும். சின்ன மீட்டிங்ல ஒரே ஆள் தராசையும் பாத்துட்டு டைமும் எடுப்பார், ஜட்ஜ் மட்டும் முடிவுக் கோட்டுல இருந்து அசையக்கூடாது. போட்டோ எல்லாம் கிடையாது, அவர் கண்ணு பாத்ததுதான் தீர்ப்பு.

கால்நடை_மருத்துவன்
ஒரு விஷயம் விட்டுப் போச்சு, நோய். கிளாண்டர்ஸ்னு குதிரைக்கு வர்ற கொடிய தொற்று, மனுசனுக்கும் ஒட்டும். 1899லயே இதுக்குன்னு இந்தியா முழுக்க தனிச் சட்டம் வந்துச்சு, நோய் இருக்குன்னு உறுதியானா குதிரைய கொன்னுதான் ஆகணும். பல ஊர்ல இருந்து வர்ற குதிரைங்க ஒரே லாயத்துல, ஒரே தொட்டியில தண்ணி குடிச்சா என்ன ஆகும்? ஒரு குதிரைக்கு வந்தா மீட்டிங்கே காலி. முதல்ல ஆபத்துல நிக்கிறதும் மூக்கைத் துடைச்சு விடுற குதிரைக்காரர்தான், அந்தக் காலத்துல அதுக்கு மருந்தே கிடையாது.

தாமரை_கோவை
லாயக்காரர் பேத்தி, உங்க பதிவை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ரேஸ் மேல இருக்குற கோபம் எனக்குப் போகல, போகவும் வேணாம். ஆனா அந்தப் புல்லுக்குப் போன அம்மாவைப் பத்தி இன்னும் தெரிஞ்சுக்கணும். கூலி என்ன குடுத்தாங்க, எங்க தங்க வச்சாங்க, இதெல்லாம் எங்கயாவது எழுத்துல இருக்குமா?

மலைரயில்_பித்தன்
அதைத்தான் தேடணும்னு நானும் நினைக்கிறேன் அக்கா. ஜெயிச்ச குதிரை லிஸ்ட் எனக்கு இனிமே வேணாம், அது பேப்பர்ல கிடைச்சிரும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துல நீலகிரி மாவட்டக் கோப்புகள் இருக்கு, கன்னிமாராவுல பழைய பேப்பர்ங்க இருக்கு, ஊட்டியில நீலகிரி லைப்ரரி இருக்கு. குதிரைய ரயில்ல ஏத்த என்ன ரேட், மலை ரோட்டுல லாயம் எந்தெந்த எடத்துல, புல் வெட்ட அனுமதிச் சீட்டு யாருக்குக் குடுத்தாங்க, கொள்ளு விலை என்ன, இந்த மாதிரி கணக்கைத் தேடிப் போறேன். காட்டுல புல்லறுக்க அனுமதி வாங்குனவங்க பட்டியல் கிடைச்சா அதுல பேரு இருக்க வாய்ப்பிருக்கு. பேத்தி அக்கா, உங்க வீட்டுல பழைய சம்பளச் சீட்டு, ரேஷன் காகிதம், எதுவா இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, மொபைல்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க. குன்னூர் அண்ணே, பர்லியார்ல இருந்து குன்னூர் வரைக்கும் பழைய லாயம் இருந்த எடம் எதாவது உங்களுக்குத் தெரிஞ்சா இங்கயே போடுங்க, அடுத்த வாரம் அந்தப் பக்கம் வர்றேன்.

குன்னூர்_மேகம்
வாங்க தம்பி. மழைக்கு முன்னாடி வந்தீங்கன்னா பழைய ரோட்டுல நடக்கலாம், பெரியவங்க ரெண்டு பேரைக் கேட்டு வைக்கிறேன். செருப்பு போட்டு வராதீங்க, அட்டை ஜாஸ்தி.